ஈரம் கசிந்த முனை

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை குமுதவல்லிக்கு. டப்பா பாட்டுக்கு ஜன்னலோரம் கிடந்தது; உள்ளே எலுமிச்சை சாதம், நேற்றைய வாழைக்காய் வறுவல். மேசைமேல், மூங்கிலைப் பிளந்த மாதிரி நெடுக்காகப் பிளந்த ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் சாம்பல் நிறச் சேறு. பூம்புகாருக்குக் கிழக்கே, கரையோரக் கடல் முடிந்து ஆழம் சரிகிற இடத்தில், ஆயிரத்து இருநூறு மீட்டர் தண்ணீருக்கு அடியில் குத்தி எடுத்தது. எடுத்துப் பதினான்கு வருஷமாகிறது. எடுத்தபோது ஐந்து மீட்டர். கப்பல்தளத்திலேயே ஐந்து துண்டாக அறுத்தார்கள். இது மேலிருந்து மூன்றாவது துண்டு. ஆய்வுக்கூடத்துப் பேச்சில் இதற்குக் கோர் என்று பெயர். ஒவ்வொரு துண்டையும் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சுரண்டி, சலித்து, வெளிநாட்டுக்கு அனுப்பித் தீர்த்துவிடுவார்கள். மறு பாதியைத் தொடமாட்டார்கள். பொட்டலம் கட்டிக் குளிர் அறையில் போட்டுவிடுவார்கள், பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று. யாருக்கு வரப்போகிறது. இவளுக்கே இன்றைக்குச் சந்தேகம் ஒன்றும் வந்துவிடவில்லை; இன்னும் ஏழு மாசத்தில் ஓய்வு பெறப்போகிற அம்மாளைப் பேசச் சொல்லி ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள், அதில் காட்டப் பளிச்சென்று ஒரு படம் வேண்டும், அதற்காகத்தான் இந்த மறு பாதியைக் காலையில் எடுத்துவரச் சொன்னாள். பிளந்தபோது குழைந்து பூசிக் காய்ந்த மேல்தோலைத் தகட்டால் இரண்டு மில்லிமீட்டர் வழித்துவிட்டுப் பார்த்தால், மேல்பாதி மணல், கீழ்பாதி சேறு, நடுவில் அந்தச் சேற்றிலிருந்து மணலுக்குள் மூன்று விரல்கள் ஏறி நின்றன. கறுத்த, சுண்டுவிரல் கனத்துக்கு மூன்று. பதினொன்றே முக்காலுக்குப் பார்த்தாள். இப்போது மணி இரண்டு.

புழு வளை. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டாம், எம்.எஸ்ஸி. முதல் வருஷம் போதும். கடலடியில் வசிக்கிற புழு தான் நிற்கிற தரையிலிருந்து கீழ்நோக்கித்தான் வளை தோண்டும். தோண்டிய வளைக்குள் மேலே படிகிற சேறு இறங்கி அடைத்துக்கொள்ளும். தனக்குக் கீழே கிடக்கிற சேற்றை வாரிக்கொண்டு, இன்னும் வந்தே சேராத மணலுக்குள் மேலே ஏறுகிற புழு எந்தக் கடலிலும் கிடையாது. அப்படியானால் சேறு மேலே, மணல் கீழே. அப்படியானால் துண்டு தலைகீழ். அப்படியானால். அந்த இடத்துக்கு வந்ததும் மனசு சண்டி மாடு மாதிரி நின்றுகொண்டது. வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தது. திடீரென்று மணல் வந்து மூடினால் உள்ளே மாட்டிக்கொண்ட புழு தப்பிக்க மேலே ஏறும், அதுவும் உண்டு, புத்தகத்திலேயே உண்டு. அரை மணி நேரம் அந்த ஒரு புழுவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். லென்ஸை வைத்துப் பார்த்தபோது வளையின் வாய் புனல் போல அகன்று சேற்றுப் பக்கம்தான் இருந்தது. நுனி கூராகி மணலுக்குள் முடிந்திருந்தது. தப்பித்துப் போன புழு வாசலைப் பின்னால் அகலமாக வைத்துவிட்டு, போன இடத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்குமா. போதும் குமுது, போதும் என்று சொல்லிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரண்டு பக்கமும் பதிந்த குழியைத் தேய்த்துக்கொண்டாள். முட்டி வலித்தது. காலையிலிருந்து நின்றதில் இடது முட்டி வீங்கியிருக்கும், தடவிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மேலே புதுசு, கீழே பழசு. இந்தத் தொழிலின் மொத்த ஞானமும் அவ்வளவுதான். எது மேல் எது கீழ் என்று தெரிந்துவிட்டால் மிச்சத்தைப் பொறுமை பார்த்துக்கொள்ளும். அந்த ஒன்றையா கோட்டை விட்டோம் என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது, வாயை எட்டாத சிரிப்பு. அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் ஐந்தாம் துண்டு மணல், நாலாம் துண்டு மணல். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலம். கரை பக்கத்தில், காவிரி கொண்டுவந்து கொட்டிய மணல். பிறகு கடல் ஏறியது, கரை மேற்கே போய்விட்டது, ஆற்றின் மணல் இவ்வளவு தூரம் எட்டவில்லை, மெல்லிய சேறு மட்டும் வந்து படிந்தது. இரண்டாம் துண்டும் முதல் துண்டும் வெறும் சேறு. வழக்கமான கதை, யார் எடுத்தாலும் வருகிற கதை. ஆனால் இவள் எடுத்த கோரில் நடுவே இந்த மூன்றாம் துண்டு உட்கார்ந்துகொண்டு வேறு கதை சொன்னது. மணல், மணல், பிறகு சேறு, பிறகு திடீரென்று மறுபடி மணல், பிறகு சேறு. போன ஆறு திரும்பி வந்திருக்கிறது. கடல் ஏறிய பிறகும் சில நூறு வருஷம் காவிரி அடக்கமாட்டாமல் பெருகி மணலை இவ்வளவு தொலைவு தள்ளியிருக்கிறது. எழுதினாள். அச்சாயிற்று. அந்தக் கட்டுரைப்படி, மேலிருந்து அளந்தால், சேறு தொடங்கியது முந்நூறாவது சென்டிமீட்டரில், திரும்பி வந்த மணல் முடிந்தது இருநூறாவது சென்டிமீட்டரில். ரம்பம் வைத்து அறுத்த இடம் இரண்டும். ஆறு என்ன அடிக்கோல் வைத்து அளந்துகொண்டா வரும். பத்து வருஷமாக இந்த இரண்டு எண்ணையும் எத்தனை படத்தில் தன் கையால் போட்டிருக்கிறாள், ஒரு தரம்கூட உறைக்கவில்லை. காலக் கணிப்பாவது காட்டிக்கொடுத்திருக்கும். துண்டுக்கு ஒரு மாதிரிதான் அனுப்பலாம் என்றார்கள், ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் நட்டநடுவில் எடுத்து அனுப்பினாள். தலைகீழாகப் புரட்டினாலும் நடு நடுதானே.

ஜெபமணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். குளிர் அறைக்குப் பொறுப்பு அவன். நாகர்கோவில்காரன், இருபது வருஷமாக அந்தக் குளிருக்குள் போய்வந்து எந்த வெயிலிலும் கம்பளிக் குல்லாயோடு திரிகிறவன். "மேடம், சாப்பிடலியா இன்னும்?" என்றான். சாப்பிடணும் என்றாள். "நாலு மணிக்கு வந்து இத எடுத்துக்கிடட்டா? ரொம்ப நேரம் வெளிய கெடந்தா வெடிச்சிரும்லா." நாலு மணிக்கு எடுத்துக்கோ என்றாள். அவன் ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து சேற்றின்மேல் போர்த்தினான், மூன்று விரல்களும் மறைந்தன. "படம் எடுத்தாச்சா மேடம்?" இன்னும் இல்லை என்றாள். "இத எடுத்து உள்ள வச்சா அப்புறம் ஒருத்தரும் கேக்கப்போறதில்ல, நல்லா எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. அதைத்தானே அவளும் பன்னிரண்டு மணியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிளாஸ்டிக்கைச் சுற்றி, நாடா ஒட்டி, குளிர் அறையில் கடைசி அடுக்கில் தள்ளிவிட்டால் இந்த ஏழு மாசம் என்ன, எழுபது வருஷம் கிடக்கும். துணியைத் தூக்கிப் பார்த்தாள். இருந்தன. மறுபடி மூடினாள்.

கப்பலில் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்தப் பார்த்தாள், ஞாபகம் வந்ததா, இப்போது தேவைப்படுகிறதே என்று மனசே செய்து கொடுத்ததா, அது தெரியவில்லை. ஆடி மாசக் காற்று, கப்பல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது, அவளுக்கு மூன்று நாளாக வாந்தி, வயிற்றில் வெறும் ரஸ்க்கும் கறுப்புத் தேநீரும். அறுத்த துண்டுக்கு மேல் முனையில் நீல மூடி, கீழ் முனையில் சிவப்பு மூடி போட வேண்டும். உலகம் முழுக்க ஏதோ இரண்டு நிறம், இவர்கள் கப்பலில் நீலம், சிவப்பு. மூன்றாம் துண்டுக்கு வரும்போது நீல மூடி இல்லை. பெட்டி எங்கேயோ உருண்டு போயிற்று. சரி, இரண்டு பக்கமும் சிவப்பையே போட்டு, ஒன்றின்மேல் மார்க்கரால் மேல் என்பதற்கு 'மே' என்று எழுதி அம்புக்குறியும் போட்டார்கள். அவள்தான் எழுதினாள். ஈர மூடி, ஈரக் கை, மறுநாள் காலையில் பார்த்தால் மை வழிந்து ஒரு நீலக் கறை, இரண்டு மூடியிலும் அதே கறை. குழாயின் மேலிருந்த அம்பும் தேய்ந்து போயிருந்தது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எழுதியது நீதானே என்பார்கள். குந்தி உட்கார்ந்து துண்டை மடியில் வைத்துப் பார்த்தாள், ஒரு முனையில் மூடிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, மறுமுனை கெட்டியாகக் காய்ந்திருந்தது. கடலடிச் சேறு மேலே கொழகொழவென்றும் கீழே போகப்போக இறுகியும்தான் இருக்கும். ஈரம் கசிகிற முனை மேல் முனை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. தெரிந்தவள் செய்கிற முடிவு, அனுபவம் உள்ளவள் செய்கிற முடிவு, புதிதாக வந்தவள் என்றால் பயந்து நாலு பேரைக் கேட்டிருப்பாள். 'மே' என்று அழுத்தி எழுதினாள். அந்த முனையில் மணல் இருக்கும், மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, எந்தப் பக்கம் வைத்தாலும் அதுதான் ஒழுகும் என்பது அந்தக் காலையில் அவள் புத்தியில் வரவில்லை. அவ்வளவுதான். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இல்லையே? குறிப்பேட்டில் ஏன் எழுதவில்லை, மூடி தீர்ந்துபோனதை, மை அழிந்ததை, மறுபடி எழுதியதை? வாந்தி வந்தது, அதனால் எழுதவில்லை. வாந்தி வரும்போது ஆழம், நேரம், காற்று எல்லாம் எழுதியிருக்கிறாய், அதை மட்டும் ஏன் எழுதவில்லை. இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், செக்குக்குக் கட்டினது போல, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கால் இடறியது.

கைப்பேசி அதிர்ந்தது. அவள் புருஷன் தியாகராஜன். "குமுது, மாவு இருக்கா, வாங்கணுமா?" இருக்கு என்றாள். "இருக்குன்னா எங்க இருக்கு, ஃப்ரிட்ஜ்ல ஒண்ணையும் காணுமே." மூணாவது தட்டுல பின்னால பாருங்க என்றாள். மூணாவது என்று சொன்னபோது கண் மேசைப் பக்கம் போயிற்று. "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, மத்தியானம் சாப்பிட்டியா?" சாப்பிட்டேங்க என்று பொய் சொன்னாள். நல்ல மனுஷன். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்துவிடுவார்: இவதான் சார், காவிரி திரும்பி வந்ததைக் கண்டுபிடிச்சவ. கூசிப்போய் சும்மா இருங்களேன் என்பாள், உள்ளுக்குள் பிடிக்கும், பிடிக்காமல் என்ன, மாயவரத்தில் பிறந்து ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வருஷா வருஷம் எட்டிப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைவிடப் பிடிக்கிற பேச்சு ஒன்று உண்டா. குத்தாலத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மழை பொய்த்த வருஷம், முன்வரிசையில் விவசாயிகள், சால்வை, மாலை, படமெல்லாம் போட்டுக் காட்டி முடித்ததும் ஒருவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப மறுபடியும் அந்த மாதிரி வருங்களாம்மா?" என்று கேட்டார். அது எட்டாயிரம் வருஷத்துக் கதை ஐயா, நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வரலாம் என்றாள். கைதட்டினார்கள். அந்த மனுஷர் உட்காராமல் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வராத ஆற்றை வந்தது என்று சொல்லி, அதை இனியும் வரும் என்று வேறு சொல்லி, சால்வையை மடித்து வீட்டுக்கு எடுத்துவந்து பீரோவில் வைத்திருக்கிறாள்.

அதுகூடப் பரவாயில்லை. சால்வையைத் தூக்கிப் போட்டுவிடலாம், கட்டுரையைத் திருத்தலாம், நாலு பேர் சிரிப்பார்கள், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் சிரிப்பு எங்கே கேட்கப்போகிறது. அவள் நினைப்பு போகாமல் போகாமல் ஒதுங்கி நின்ற இடம் அதுவல்ல. இளம்பரிதி. இதே நிலையத்தில் தற்காலிக ஆய்வாளனாக ஐந்து வருஷம் இருந்தவன், ஒடிசலாக, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டையோடு, எதைக் கேட்டாலும் முதலில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசிப்பான். இவள் கோர் எடுத்த இடத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தெற்கே இன்னொரு கோர் எடுத்தான். அதில் திரும்பி வந்த ஆறு இல்லை. மணல், பிறகு சேறு, அவ்வளவுதான், வழக்கமான கதை. பணிவாகத்தான் எழுதினான், என் கோரில் அது தெரியவில்லை என்று. கட்டுரை மதிப்பீட்டுக்கு அவளிடமே வந்தது. என்ன எழுதினாள்? எழுதியதை மறந்துவிட்டதாக ஏழு வருஷம் தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாள், இன்றைக்கு ஒரு சொல் விடாமல் வருகிறது. கப்பல்தளத்தில் துண்டுகளைக் கையாண்ட முறை ஐயத்துக்குரியது, ஒரு துண்டு இடம் மாறியோ தலைகீழாகவோ வைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. தலைகீழாக. அந்தச் சொல்லையே போட்டிருக்கிறாள். கட்டுரையை நிராகரித்துவிட்டார்கள். அடுத்த மாசம் அவனுக்குப் பணிக்காலம் நீட்டுவதா என்று குழு கூடியபோது அவளைக் கேட்டார்கள், நல்ல பையன்தான், ஆனால் கை சுத்தம் போதாது என்றாள். கோர் விஷயத்தில் என்றுதான் சொன்னாள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. போவதற்கு முன்னால் அவன் இந்த அறை வாசலில் வந்து நின்றான். "மேடம், உங்க மூணாவது செக்ஷனோட மறு பாதிய ஒரு தரம் பாத்துக்கலாமா?" என்றான். அடிக்கடி வெளியே எடுத்தால் காய்ந்துவிடும் என்றாள். சரிங்க மேடம் என்று போய்விட்டான். எரிச்சலோடு சொன்னாளா, பயந்து சொன்னாளா. அன்றைக்கே எங்கேயோ உள்ளுக்குள் தெரிந்திருந்ததா. தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, தெரியாது என்று சத்தியம் பண்ணவும் வாய் வரவில்லை. நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் முதல் வருஷப் பையன்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறான் இப்போது. வருஷா வருஷம் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறான், கரும்பும் பானையும் போட்ட படம். அவள் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவாள்.

மூன்றே கால். துணியை எடுத்தாள். தகடு கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, காலையில் வழித்த சேறு அதில் காய்ந்து வெளுத்திருந்தது. இன்னும் நாலு மில்லிமீட்டர். வளை சுண்டுவிரல் கனம்தான், அதிலும் பாதியை ஏற்கெனவே வெட்டியாயிற்று, மிச்சம் இருப்பது பாதி விரல். குறுக்கே நாலு இழுப்பு இழுத்தால் வெறும் மணலும் வெறும் சேறும், பளிச்சென்ற படம், கூட்டத்துக்குத் தோதான படம். யாரும் கேட்டால் காய்ந்த தோலைச் சுத்தம் பண்ணினேன், எல்லாரும் செய்வதுதான். தகட்டை எடுத்தாள். கை நடுங்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முப்பது வருஷப் பழக்கம், தகட்டைப் பிடித்தால் கை தானாக நிதானமாகிவிடும். முதல் விரலின் நுனியில் வைத்தாள். எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருட்டில், குளிரில், தலைக்குமேல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஒரு புழு தன் பாட்டுக்குத் தோண்டியிருக்கிறது. ஒருத்தருக்கும் சாட்சி சொல்ல அல்ல, வயிற்றுக்கு. அதைப் போய் அழிக்க ஒரு கிழவி முட்டி வலியோடு குனிந்து நிற்கிறாள். சீ என்றிருந்தது. வெட்கமாக இருந்தது, வேறு பேரெல்லாம் அதற்கு வேண்டாம், வெட்கம்தான். தகட்டைத் தொட்டித் தண்ணீரில் போட்டாள். காமிராவை ஸ்டாண்டில் மாட்டி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, மூன்று விரல்களையும் எடுத்தாள். தனித்தனியாக எடுத்தாள், சேர்த்து எடுத்தாள், வளையின் வாயை நெருக்கத்தில் எடுத்தாள். எடுத்து முடித்தபோது ஒன்றும் லேசாகிவிடவில்லை. அலுப்புதான் இன்னும் ஏறியிருந்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது போல.

நாலு மணிக்கு ஜெபமணி பிளாஸ்டிக் சுருளோடு வந்தான். அவன் சுற்றப்போனபோது, ஜெபமணி, அந்த 'மே' எழுதின மூடியைப் பிடுங்கி இந்தப் பக்கம் மாட்டு என்றாள். அவன் குல்லாயைத் தூக்கிச் சொறிந்தான். "மேடம், இது ஒங்க எழுத்துல்லா?" என்றான். என் எழுத்துதான், தப்பா எழுதிட்டேன், மாட்டு என்றாள். அவன் உடனே மாட்டவில்லை. அவனுக்கும் இருபது வருஷ அனுபவம், மேல் கீழ் மாறினால் என்ன அர்த்தம் என்று தெரியும். "நான் ஒண்ணும் பாக்கல மேடம்" என்று மெதுவாகச் சொன்னான். உதவியாகத்தான் சொன்னான். குமுதவல்லிக்கு அழுகை வரப் பார்த்தது. பாரு ஜெபமணி, நல்லா பாரு, மூணு இருக்கு என்று துணியை விலக்கிக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், இரண்டு மூடியையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினான். பதிவேட்டிலும் எழுதிவிடு, இன்றைய தேதி, என் பேர் என்றாள். எழுதினான். துண்டைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான்.

இளம்பரிதியின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் எழுதினால் போதாதா. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பும்போது அவனுக்கும் ஒரு நகல் போட்டால் போதாதா. போதாது, தெரியும். அழுத்தினாள். ஐந்தாவது மணியில் எடுத்தான், பின்னால் பையன்களின் கூச்சல், எங்கேயோ இரும்பு பெஞ்சை இழுக்கிற சத்தம். "மேடம்? நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றான். பழைய குரல்தான், கொஞ்சம் தடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள், சொல்லிவிட்டாள். "இளம்பரிதி, என்னோட மூணாவது செக்ஷன் தலைகீழா இருக்கு. கப்பல்ல நான்தான் மாத்தி எழுதிட்டேன். ஆறு திரும்பி வரல. உங்க கோர்தான் சரி. நான் உங்களைப் பத்தி எழுதினதும் சொன்னதும் அத்தனையும் தப்பு." திட்டட்டும் என்று காத்திருந்தாள், திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவன் அந்தத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?" என்றான். புழு வளை என்றாள். "மணலுக்குள்ள சேறா?" ஆமாம், மூணு. "வாய் எந்தப் பக்கம்?" சேத்துப் பக்கம். "மணலும் சேறும் சேர்ற எடம் எத்தனாவது சென்டிமீட்டர்?" இருநூத்தி அம்பத்தி ரெண்டுன்னு இருந்தது, இப்ப திருப்பினா இருநூத்தி நாப்பத்தி எட்டு. "இருங்க மேடம், இருங்க" என்றான், குரல் மாறிவிட்டது, வேகம் ஏறிவிட்டது. "அப்ப என்னோடதுல இருநூத்தி முப்பதுல மணல் நிக்குது. ரெண்டுக்கும் தேதி ஒண்ணுதான் வந்தது, ஒரே காலம் மேடம். பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒரே காலத்துல நின்னிருக்கு. அப்ப கடல் மெதுவா ஏறல, ஒரே மூச்சுல ஏறியிருக்கு. அந்தச் சேத்துல சிப்பி இருக்கா மேடம்? வளைக்குள்ளேயே இருந்தா அதையே தேதி கணிக்க அனுப்பலாம், ரொம்பத் துல்லியமா வரும்" என்று சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். ஒரு மணி அடித்தது, பையன்களின் சத்தம் வடிந்தது. "ஃபர்ஸ்ட் இயருக்கு கிளாஸ் இருக்கு மேடம்" என்றான். திருத்தம் எழுதறேன், எல்லாத்தையும் எழுதறேன், உங்க பேரைப் போட்டு எழுதறேன் என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "அது சரி மேடம், எழுதுங்க. ஏழு வருஷமாச்சு மேடம், புழு வளைன்னு ஒருத்தர் என்கிட்ட பேசி. எல்லாம் விட்டுப்போச்சுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இப்ப கேட்டதும் கை பரபரங்குது. இத வச்சிக்கிட்டு நான் இங்க என்ன மேடம் பண்றது?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். வச்சிடறேன் மேடம் என்றான். வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது, குமுதவல்லியும் வைக்காமல் காதோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.